2020 மட்டக்களப்பு ஆசனக் கணக்கு: எங்க பிழைக்குது?

எருவில் ரீச்சர் கேட்டது:

ஏ.எல் அரசறிவியலில விகிதாசாரப் பிரதிநிதித்துவம் படிப்பிக்கிறதுக்கு ரெண்டு உதாரணம் எடுத்திருக்கிறன். ஒண்டு துனீசியா. பென் அலி 2011 ஜனவரியில நாட்டை விட்டு ஓடின பிறகு, ஒக்டோபர் 23ல நடந்த அரசியலமைப்புச் சபைத் தேர்தல். மற்றது எங்கட மட்டக்களப்பு மாவட்டம், 2020 பொதுத்தேர்தல்.

துனீசியாவில அந்நஹ்தா கட்சி ஏறக்குறைய 37 வீத வாக்கு எடுத்து 217ல 89 ஆசனம் பிடிச்சது, அதாவது 41 வீதம். மட்டக்களப்பில தமிழரசுக் கட்சி 26.66 வீதம் எடுத்து 5ல 2 ஆசனம், 40 வீதம். ரெண்டும் விகிதாசாரம் எண்டால் இங்க ஏன் இவ்வளவு இடைவெளி எண்டு பிள்ளைகள் கேட்குதுகள். நியாயமான கேள்வி.

2020 முடிவு இது. செல்லுபடியான வாக்கு 298,012. தமிழரசு 79,460, தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் 67,692, முஸ்லிம் காங்கிரஸ் 34,428, பொதுஜன பெரமுன 33,424, ஐக்கிய சமாதானக் கூட்டமைப்பு 31,054, ஐக்கிய மக்கள் சக்தி 28,362. மிச்சமெல்லாம் சின்னச் சின்ன வாக்கு.

298,012ஐ 5ஆல வகுத்தா 59,602. தமிழரசுக்கு ஒண்டு, படகுக்கு (தமிழ் மக்கள் விடுதலைப் புலிகளின்ட சின்னம்) ஒண்டு. மிச்சம் மூண்டு ஆசனத்தையும் மீதி வாக்கில பெரிசு பார்த்துக் குடுத்தா முஸ்லிம் காங்கிரஸ், பெரமுன, சமாதானக் கூட்டமைப்பு எண்டு வருது. ஆனா உண்மையான முடிவில சமாதானக் கூட்டமைப்புக்கு ஒண்டுமில்ல, தமிழரசுக்கு ரெண்டு. நாலஞ்சு தரம் போட்டுப் பார்த்தாச்சு. எங்க பிழை?

பெரியகல்லாறு:

ரீச்சர், உங்கட வகுத்தலில பிழை இல்ல. நீங்க போட்டது 2011 துனீசியாக் கணக்கு. மட்டக்களப்பு வாக்கை துனீசியாச் சட்டத்தில போட்டா நீங்க எழுதின முடிவுதான் வரும். பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது, அந்தக் கணக்கைக் கிழிச்சுப் போடாதைங்க.

எங்கட அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையில இருக்கிற ஒழுங்கு வேற. முதல்ல, மாவட்டத்தில செல்லுபடியான வாக்கில 5 வீதம் எடுக்காத கட்சியும் சுயேச்சைக் குழுவும் வெளியே. 298,012ல 5 வீதம் 14,900 சொச்சம். நீங்க சொன்ன ஆறு கட்சியும் அதைத் தாண்டுது, மற்றவை தாண்டயில்ல. தாண்டாதவைக்கு ஆசனம் இல்லை எண்டது மட்டுமில்ல, அவையின்ட வாக்கைக் கணக்கிலிருந்தே கழிக்க வேணும். ஆறையும் கூட்டினா 274,420. இதுதான் இனிக் கணக்குக்கு எடுக்கிற தொகை.

அடுத்தது, முதலாவதா வந்த கட்சிக்கு ஒரு ஆசனம் சும்மா போகும். இதைத்தான் போனஸ் ஆசனம் எண்டு சொல்றம். இதுக்காக அந்தக் கட்சியின்ட வாக்கிலிருந்து ஒண்டும் கழிக்கிறதில்ல. பிள்ளைகள் கூடப் பிழை விடுற இடமும் இதுதான்: போனஸ் குடுத்திட்டு ஒரு பங்கு வாக்கையும் கழிச்சுப் போடுவினம்.

போனஸ் போக மிச்சம் 4 ஆசனம். அதால வகுக்கும் எண் 4, ஐந்து இல்லை. 274,420ஐ 4ஆல வகுத்தா 68,605. தமிழரசின்ட 79,460க்குள்ள இது ஒரு தரம் போகும், மீதி 10,855. படகுக்கு 67,692, ஒரு முழுப்பங்குக்கு 913 வாக்குக் குறைவு, அதால முழு வாக்கும் மீதியாவே நிக்குது. இப்ப போனஸ் ஒண்டு, முழுப்பங்கு ஒண்டு போயிட்டுது. மிச்சம் மூண்டு ஆசனம் மீதி வாக்கின்ட வரிசைப்படி படகு 67,692, முஸ்லிம் காங்கிரஸ் 34,428, பெரமுன 33,424. முடிஞ்சுது. சமாதானக் கூட்டமைப்பின்ட 31,054 நாலாவதா நிண்டு வெளியே போகுது.

தமிழரசு 2, மற்ற மூண்டு கட்சிக்கும் ஒவ்வொண்டு. தேர்தல் ஆணைக்குழு அறிவிச்ச முடிவு அப்பிடியே வருது.

ஆக ரெண்டு முறைக்கும் இடையில மாறினது ஒரேயொரு ஆசனம். மாத்தினது போனஸ். ஐந்து ஆசன மாவட்டத்தில ஒரு ஆசனம் எண்டா 20 வீதம். 26.66க்கும் 40க்கும் இடையில பிள்ளைகள் காணுற இடைவெளி வேற எங்கயும் இருந்து வரயில்ல.

இன்னொண்டையும் வகுப்பில போட்டுக் காட்டுங்க. முதலாம் ரெண்டாம் கட்சிக்கு இடையில வித்தியாசம் 11,768. அதில பாதியும் ஒண்டும், 5,885 பேர், வீட்டுக்கு (தமிழரசின்ட சின்னம்) போடாம படகுக்குப் போட்டிருந்தா தமிழரசு 73,575, படகு 73,577. போனஸ் அந்தப் பக்கம் போயிருக்கும், படகுக்கு 2, வீட்டுக்கு 1. முதலிடத்துக்கு ஏன் இவ்வளவு அடிபடுகினம் எண்டு இதிலயே விளங்கும்.

சம்மாந்துறை:

பெரியகல்லாறு போட்டிருக்கிற கணக்குச் சரி. ரீச்சர், ஒரு மாவட்டத்தோட நிக்காம திகாமடுல்லயையும், அதாவது அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தையும், சேருங்க. 2020ல அம்பாறைத் தமிழர் பிரதிநிதித்துவம் இழந்தது எப்படி என்று எல்லாரும் பேசுறாங்க, கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர் குறைவு.

7 ஆசனம். செல்லுபடியான வாக்கு 385,997. பொதுஜன பெரமுன 126,012, ஐக்கிய மக்கள் சக்தி 102,274, மக்கள் காங்கிரஸ் 43,319, தேசிய காங்கிரஸ் 38,911, அகில இலங்கை தமிழர் மகாசபை 29,379, தமிழரசு 25,255. 5 வீதம் என்றால் 19,300 வாக்கு, ஆறு கட்சியும் தாண்டுது. கூட்டுத்தொகை 365,150. போனஸ் போக 6 ஆசனம், ஆறால வகுத்தா 60,858.

பெரமுனவுக்கு போனஸ் ஒன்று, முழுப்பங்கு இரண்டு, மீதி 4,296. மக்கள் சக்திக்கு முழுப்பங்கு ஒன்று, மீதி 41,416. மிச்சம் மூன்று ஆசனம் மீதியில போகணும்: மக்கள் காங்கிரஸ் 43,319, மக்கள் சக்தி 41,416, தேசிய காங்கிரஸ் 38,911. அதோட ஏழும் முடிஞ்சு போச்சு. மகாசபை 29,379க்கும் இடமில்ல, தமிழரசு 25,255க்கும் இடமில்ல.

ரெண்டையும் கூட்டினா 54,634. ஒரே பட்டியலில நின்றிருந்தா மீதி வரிசையில முதலாவது அதுதான், தேசிய காங்கிரஸ்தான் வெளியே போயிருக்கும். பிரிஞ்சு நின்றதால வந்த இழப்பு ஒரு முழு ஆசனம். கலையரசன் அந்த முறை பாராளுமன்றம் போனது தமிழரசின் தேசியப்பட்டியலில, மாவட்டத்தில வென்று இல்ல.

இதையே துனீசியா முறையில போடுங்க. 385,997ஐ 7ஆல வகுத்தா 55,142. பெரமுனவுக்கு 2, மீதி 15,728. மக்கள் சக்திக்கு 1, மீதி 47,132. மிச்சம் நாலு ஆசனம்: மக்கள் சக்தி, மக்கள் காங்கிரஸ், தேசிய காங்கிரஸ், மகாசபை. பிரிஞ்சு நின்றும் ஒரு தமிழ் ஆசனம் வருது. சேர்ந்து நின்றாலும் அதே ஒன்றுதான். அங்க பிரிவுக்குத் தண்டனை இல்ல, இங்க இருக்கு. நான் சொல்ல வந்தது இதுதான்: சேர்ந்து நிற்கிறதா பிரிஞ்சு நிற்கிறதா என்ற முடிவை எடுக்கிறவங்க கூட்டம் கூடுறதுக்கு முதல் இந்த வகுத்தலைப் போட வேணும். எங்கட முஸ்லிம் கட்சிகளுக்கும் இதே கணக்குத்தான். 2020ல மட்டக்களப்பில சமாதானக் கூட்டமைப்பு பெரமுனவைவிட 2,370 வாக்குத்தான் குறைவு.

படுவான்கரை:

சம்மாந்துறை காக்கா, ஒரு சின்னத் திருத்தம், முடிவை மாத்தாது. வகுத்து வாற எண்ணில தசமம் இருந்தா சட்டப்படி அடுத்த முழு எண்ணுக்கு ஏத்த வேணும், வெட்டக் கூடாது. 365,150ஐ 6ஆல வகுத்தா 60,858.33. எடுக்க வேண்டியது 60,859. அப்ப பெரமுனவின் மீதி 4,294, மக்கள் சக்தியின் மீதி 41,415. எக்செல்லில போடுறவங்க சாதாரணமா முழுமைப்படுத்தினா 60,858 என்றுதான் வரும், கட்டாயம் மேல்நோக்கி முழுமைப்படுத்தற கட்டளையைப் போடணும்.

இந்தத் தேர்தலில ஒன்றும் மாறயில்ல. ஆனா ஒரு கட்சி சரியா 60,858 வாக்கு எடுத்திருந்தா? வெட்டினா முழுப்பங்கு, ஏத்தினா ஒரு வாக்குக் குறைவு. எண்ணும் நிலையத்தில முகவரா இருக்கப் போற ஆளுக்கு இது தெரியாம இருக்கக் கூடாது.

மறுகா இன்னும் ரெண்டு விசயம். ஐந்து வீதத்தைப் பதிவு செய்த வாக்காளர் தொகையில பார்க்கிற ஆட்கள் இருக்கினம், அது பிழை. நாடு முழுக்க எடுத்த வாக்கில பார்க்கிறதும் பிழை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி. நாடளாவிய மொத்தம் தேவைப்படுறது தேசியப்பட்டியலின்ட 29 ஆசனத்துக்கு மட்டும். மற்றது, தொகுதி வாரியா முடிவு வரேக்க கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு எண்டு மூண்டை மட்டும் கூட்டிப்போட்டு தபால் வாக்கை விட்டுடுவினம். அது தனி வரி. திகாமடுல்லயில அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் நாலோட தபால் ஐந்தாவது. கடைசி ஆசனம் சில நூறு வாக்கில நிக்கிற நேரம் தபாலை மறந்தா கணக்கு தலைகீழாப் போகும்.

எருவில் ரீச்சர்:

மூண்டு பேருக்கும் நன்றி, இப்ப தெளிவு. இன்னும் ரெண்டு கேள்வி. துனீசியாக்காரர் ஏன் இப்பிடியொரு முறையைத் தெரிவு செய்தவை? முதல் தேர்தல் வைக்கிற நாட்டுக்கு உறுதியான அரசாங்கம் வேணுமெண்டுதானே நினைக்கத் தோணும். மற்றது, விருப்பு வாக்கு இந்தக் கணக்கில எங்க வருது?

பெரியகல்லாறு:

முதல் கேள்விக்கு: 2011ல தெரிவு செய்தது சாதாரண பாராளுமன்றமில்ல, அரசியலமைப்பு எழுதுற சபை. ஒரே கட்சி தனிய எழுதினா மற்றவை அதை ஏற்காது. பென் அலி காலம் முழுக்க ஒரு கட்சிதான் ஆண்டது, திரும்பவும் அது வரக் கூடாது எண்ட பயம் எல்லாருக்கும் இருந்தது. தேர்தல் சட்டத்தை வரைஞ்சது யாத் பென் அஷூர் தலைமையிலான ஆணைக்குழு. பெரிய கட்சி எதுவெண்டு ஓரளவு தெரிஞ்சிருந்தும், பெரிய கட்சிக்கு லாபம் தராத சூத்திரத்தை எடுத்திச்சினம்: போனஸ் இல்ல, வெட்டுப்புள்ளி (எங்கட 5 வீதம் மாதிரி ஒரு குறைந்தபட்ச எல்லை) இல்ல, செல்லுபடியான வாக்கை ஆசனத்தால வகு, மிச்சத்தை மீதியில குடு. 33 தேர்தல் மாவட்டம், அதில 27 உள்நாட்டில, 6 வெளிநாட்டில வாழுறவைக்கு.

சூத்திரம் என்ன செய்யுமெண்டு காட்ட ஒரு கற்பனைக் கணக்குப் போடுறன், உண்மைத் தேர்தல் இல்ல. ஆசனம் 8, வாக்கு 160,000. அ கட்சி 64,000, ஆ 18,000, இ 14,000, ஈ 12,000, உ 10,000, ஊ 9,000. மிச்சம் 33,000 வாக்கு ஏகப்பட்ட சின்னப் பட்டியல்களுக்குச் சிதறி, ஒண்டும் 6,000த்தைத் தாண்டயில்ல.

துனீசியா முறை: பங்கு 20,000. அ கட்சிக்கு மூண்டு, மீதி 4,000 மட்டும். மற்ற ஐந்துக்கும் ஒவ்வொண்டு. 40 வீத வாக்குக்கு 8ல 3.

எங்கட முறை: 5 வீதம் 8,000, சிதறின 33,000 கழியுது. 127,000ஐ 7ஆல வகுத்து மேல ஏத்தினா 18,143. அ கட்சிக்கு போனஸ் ஒண்டு, பங்கு மூண்டு, மீதி 9,571. மிச்சம் நாலும் ஆ, இ, ஈ, உ. அ கட்சிக்கு 4. ஊ வெளியே.

டொண்ட் முறை, அதாவது ஒவ்வொரு கட்சி வாக்கையும் 1, 2, 3, 4 எண்டு வகுத்து வாற பெரிய எட்டு எண்ணுக்கும் ஆசனம் குடுக்கிறது: அ கட்சிக்கு 64,000, 32,000, 21,333, 16,000, 12,800. ஐந்து ஆசனம், ஆ, இ, ஈக்கு ஒவ்வொண்டு.

வாக்கு ஒண்டுதான். 3, 4, 5 எண்டு மூண்டு முடிவு. அந்நஹ்தாவுக்கு எதிர்த்து நிண்டவை நிறையப் பட்டியலாச் சிதறித்தான் நிண்டவை, அதால டொண்ட் முறை வைச்சிருந்தா 89 எங்கயோ ஏறி தனிப் பெரும்பான்மை வந்திருக்கும். வராததால 89, 29, 20 எண்டு மூண்டு கட்சி சேர்ந்து 138 ஆக வேண்டியிருந்தது: ஜெபாலி பிரதமர், மர்சூக்கி ஜனாதிபதி, பென் ஜாஃபர் சபாநாயகர், மூண்டு பேரும் மூண்டு கட்சி. அரசியலமைப்பு நிறைவேற 2014 ஜனவரி வரைக்கும் போனது. மெதுவான வேலைதான். ஆனா நிறைவேறினது 200 வாக்கால. உறுதியான அரசாங்கம் வேணுமா, எல்லாரும் ஒப்புற யாப்பு வேணுமா எண்ட தெரிவில அவை ரெண்டாவதை எடுத்திச்சினம். அந்த நேரத்துக்கு அது சரியான தெரிவு எண்டுதான் நான் நினைக்கிறன்.

குறையும் இருக்கு. பட்டியலில ஆணும் பெண்ணும் மாறி மாறி நிக்க வேணுமெண்டு சட்டம் போட்டினம். ஆனா முதல் இடத்தில யார் எண்டு சொல்லயில்ல. பெரும்பாலான பட்டியலுக்கு முதலாவது ஆண். மேல கற்பனைக் கணக்கைப் பாருங்க: ஐந்து கட்சிக்கு ஒவ்வொரு ஆசனம், ஐந்தும் முதலாவது ஆளுக்குத்தான் போகும். ரெண்டாவதா நிண்ட பெண் உள்ள வாறது அ கட்சியில மட்டும். துனீசியாவில நடந்ததும் அதுதான், சபைக்கு வந்த பெண்களில பெரும்பங்கு அந்நஹ்தா.

படுவான்கரை:

விருப்பு வாக்குக்கு நான் சொல்றன். ஆசனக் கணக்கில அது எங்கயும் வராது. கட்சிக்கு எத்தனை எண்டு முடிஞ்ச பிறகு, அந்தக் கட்சிக்குள்ள யார் எண்டு பார்க்கத்தான். 2011ல துனீசியாவில பட்டியல் மூடினது, வாக்காளர் ஒரு பட்டியலுக்கு அடையாளம் போட்டதோட சரி. எங்களுக்கு 1988ல 14ஆவது திருத்தத்தோட வந்த முறையில கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கத்தில மூண்டு வரைக்கும் புள்ளடி.

2020ல மட்டக்களப்பில படகில நிண்ட சந்திரகாந்தன் 54,198 விருப்பு வாக்கு, முஸ்லிம் காங்கிரஸில நிண்ட நஸீர் அஹமட் 17,599. ரெண்டு பேரும் உள்ள. ரெண்டையும் பக்கத்தில வைச்சு ஒப்பிடுறதில அர்த்தமில்ல, ஏனெண்டா அவை வேற வேற கட்சிக்குள்ள ஓடின ஓட்டம். தமிழரசுக்கு ரெண்டு ஆசனம் வந்ததால அந்தப் பட்டியலில முதல் ரெண்டு பேர், சாணக்கியனும் கருணாகரமும்.

வாக்குச் சீட்டில கூடப் பிழைக்கிறது இப்பிடி: கட்சிக்குப் புள்ளடி போடாம இலக்கத்துக்கு மட்டும் போட்டா முழுச் சீட்டும் நிராகரிப்பு. கட்சிக்குச் சரியாப் போட்டுட்டு இலக்கத்தில நாலு போட்டா விருப்பு வாக்கு மட்டும் செல்லாது, கட்சி வாக்கு நிக்கும். ரெண்டு கட்சிக்குப் போட்டா எல்லாம் போச்சு. மட்டக்களப்பில ஒரு பட்டியலுக்கு 8 வேட்பாளர், ஆசனம் ஐந்தும் மேல மூண்டும். திகாமடுல்லயில 10. 9 எண்டு ஒரு இலக்கத்தை மனசில வைச்சுக்கொண்டு மட்டக்களப்புச் சீட்டில தேடிப் பயனில்ல, அப்பிடி ஒண்டு இல்ல.

சம்மாந்துறை:

ரீச்சர், ஐந்து வீதம் என்ற எண் எப்பவும் இருந்ததில்ல, அதையும் சொல்லுங்க. 1978 யாப்பில எட்டிலொரு பங்கு, 12.5 வீதம். 15ஆவது திருத்தம்தான் 5 ஆக்கினது, 1988 டிசம்பரில. 1989 பெப்ரவரி 15ல நடந்த முதல் விகிதாசாரப் பொதுத்தேர்தலுக்கு அது வந்து சேர்ந்திட்டுது.

12.5 இருந்தா 2020 மட்டக்களப்பில என்ன நடக்கும் என்று பிள்ளைகளிட்ட கொடுத்துப் பாருங்க. வெட்டுப்புள்ளி 37,252. தாண்டுறது தமிழரசும் படகும் மட்டும். முஸ்லிம் காங்கிரஸ், பெரமுன, சமாதானக் கூட்டமைப்பு, மக்கள் சக்தி நாலும் வெளியே. கூட்டுத்தொகை 147,152, நாலால வகுத்தா 36,788. தமிழரசுக்கு போனஸ் ஒன்று, பங்கு இரண்டு. படகுக்கு பங்கு ஒன்று, மீதி 30,904, கடைசி ஆசனமும் அதுக்கு. மூன்றும் இரண்டும். ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி என்ற முஸ்லிம் ஊர்களில போட்ட வாக்கில பெரும்பாலானதுக்கு ஒரு ஆசனமும் இல்லாமப் போகும்.

எருவில் ரீச்சர்:

இது நல்லா இருக்கு காக்கா. ஒரே தாளில நாலு நிரல் போடப் போறன்: 12.5 வீதம், 5 வீதம், போனஸ் இல்லாமல் 5 வீதம், துனீசியா. மூண்டாவது நிரலுக்கு 274,420ஐ 5ஆல வகுத்தா 54,884. தமிழரசு 1, மீதி 24,576. படகு 1, மீதி 12,808. மிச்சம் மூண்டும் முஸ்லிம் காங்கிரஸ், பெரமுன, சமாதானக் கூட்டமைப்பு. சரிதானே?

பெரியகல்லாறு:

சரி. துனீசியா நிரலும் அதே முடிவுதான் தரும், ஏனெண்டா இங்க 5 வீதத்துக்குக் கீழ நிண்ட ஒண்டுக்கும் மீதியில வாற அளவு வாக்கு இல்ல. அதால வெட்டுப்புள்ளியையும் போனஸையும் பிள்ளைகள் குழப்பிக் கொள்ளாமல் இருக்க, மூண்டாவது நிரலை ரெண்டாவதுக்கு ஒட்டினாப்போல போடுங்க. திகாமடுல்லத் தாளில 12.5 வீதம் போடேக்க வெட்டுப்புள்ளி 48,250. அங்கயும் ரெண்டே ரெண்டு கட்சிதான் தாண்டும்.